நிலத்துக்குக் கீழே ஓர் அறை: கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை



சென்ற மாத நிகழ்ச்சியில் காப்பெலிலிருந்து ஒரு சகோதரி ஒரு கேள்வி கேட்டிருந்தார். "அண்ணை, ஸ்காபரோவில அக்கா வீட்டில பேஸ்மென்ற் இருக்கு. நியூ ஜேர்சியில மச்சாள் வீட்டிலயும் இருக்கு. எங்கட வீடு ரெண்டையும் விடப் பெரிசு. ஆனா கீழ ஒண்டும் இல்லை. வீடு கட்டினவை எங்களை ஏமாத்திப்போட்டினமோ?" நேரம் முடிந்துவிட்டதால் அன்று விளக்கமாகப் பதில் சொல்ல முடியவில்லை.

அதே வாரம் எடிசனில் இருக்கும் என் தம்பியும் தொலைபேசி எடுத்தான். தன் வீட்டு நிலக்கீழ் அறையைத் திருத்தி, சுவர் அடித்து, கம்பளம் போட்டு, அம்மாவை அங்கே குடியிருத்தப் போவதாகச் சொன்னான். பிறகு அதன் ஒரு பகுதியை வாடகைக்கும் விடலாமாம். "கணக்குப் பார்த்துச் சொல்லுங்கோ அண்ணா" என்றான். நான் ஒரு கணக்காளன். கட்டட வேலை என் தொழில் அல்ல. ஆனால் நிலத்துக்குக் கீழே இருந்த அனுபவம் எனக்கும் உண்டு, இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் உண்டு. அதனால் இந்த மாத உரையை இதற்கே ஒதுக்கினேன்.

முதலில் சகோதரியின் கேள்வி. காப்பெலில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. காரணம் குளிரும் மண்ணும்தான்.

குளிர்காலத்தில் நிலம் உறையும்போது மண் வீங்கி அத்திவாரத்தை மேலே தள்ளும். அதனால் உறையும் ஆழத்துக்கும் கீழேதான் அத்திவாரம் இறங்க வேண்டும். ரொறன்ரோவில் அந்த ஆழம் 1.2 மீட்டர், ஏறத்தாழ 4 அடி. நியூ ஜேர்சியில் சுமார் 3 அடி. எப்படியும் அவ்வளவு தோண்டத்தானே வேண்டும், இன்னும் சில அடி தோண்டினால் ஓர் அறையே கிடைத்துவிடும் என்பதுதான் வடக்கில் பேஸ்மென்ற் பெருகிய கதை. டலஸ் பக்கத்தில் உறைபனி ஓர் அடிகூட இறங்குவதில்லை. ஆழத் தோண்டும் தேவையே இங்கு எழவில்லை.

இரண்டாவது காரணம் நம் காலடியில் இருக்கும் களிமண். மழை பெய்தால் இது ஊறிப் பருக்கும். ஓகஸ்ற் வெயிலில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இப்படி வருடா வருடம் மூச்சுவிடுகிற மண்ணுக்கு நடுவே நிலக்கீழ்ச் சுவர் எழுப்பினால், நான்கு பக்கமும் மண் அதை நெரித்துக்கொண்டே இருக்கும். அதைத் தாங்கும் சுவரைக் கட்டலாம், ஆனால் செலவு மிக அதிகம். ஆகவேதான் இங்கு தட்டையான கொங்கிறீற் தளத்தின் மேல் வீட்டை வைத்துவிடுகிறார்கள். பல வீடுகளில் அந்தத் தளத்துக்குள் இழுத்துக் கட்டிய உருக்கு வடங்கள் ஓடுகின்றன.

மண்ணைப் பார்த்துத்தான் கிடங்கு வெட்ட வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடம் அல்ல. யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவில் ஐயா பங்கர் வெட்டியபோது மூன்றடியில் சுண்ணாம்புக் கல் தட்டியது. அதற்கு மேல் அலவாங்கு இறங்கவில்லை. பாதி நிலத்துக்குக் கீழும் பாதி மேலுமாக, மண் மூட்டை அடுக்கி, பனங்குற்றி பரப்பி முடித்தார். அவர் பிடிவாதமாக நின்ற விடயம் ஒன்று இருந்தது. இரண்டு வாசல் வேண்டும் என்றார். ஒரு பக்கம் மூடுண்டால் மற்றப் பக்கத்தால் வர வேண்டும். மாரியில் தண்ணீர் நின்றபோது வாளியால் இறைத்ததும், உள்ளே விளக்குக் கொளுத்த வேண்டாம், மூச்சு முட்டும் என்று அம்மா தடுத்ததும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

வெளியேறும் வழி, தண்ணீர், காற்று. நான் இனிச் சொல்லப் போவதெல்லாம் இந்த மூன்றைப் பற்றித்தான்.

1996 இல் நான் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தேன். என் முதல் முகவரி ஒரு பேஸ்மென்ற். ஐந்து பேர், இரண்டு அறை, ஒரு குசினி. பக்கத்திலேயே ஃபேர்னஸ். யன்னல் என்று சொல்ல ஒன்று கூரையோடு ஒட்டி இருந்தது. பழைய பூச்சு இறுகி அது திறக்காது. வெளியே போக ஒரே படி, அதுவும் குசினியைக் கடந்து. ஒரு மாரி இரவு, வேலை முடிந்து வந்த ஒருவர் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு அசந்து தூங்கிவிட்டார். புகை படிக்கட்டை நிறைத்த பிறகுதான் எங்களுக்கு விழிப்பு வந்தது. ஈரத் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு, ஒருவர் சேட்டை ஒருவர் பிடித்தபடி, நெருப்புக்குப் பக்கத்தாலேயே மேலே ஓடினோம். யாருக்கும் ஆபத்தில்லை. வெளியே பனியில் வெறுங்காலோடு நின்றபோது எங்களில் மூத்தவர் சொன்னார்: "பங்கருக்கே ரெண்டு வாசல் வைச்சனாங்கள். இஞ்ச வந்து ஒரு வாசலோட படுத்திருக்கிறம்."

நாங்கள் மாநகரசபைக்கு முறையிடவில்லை. முறையிட்டால் அதிகாரி வருவார், அதிகாரி வந்தால் வீட்டை மூடுவார், மூடினால் போக இடமில்லை. இது எங்கள் ஐவரின் பயம் மட்டுமல்ல. ஒன்ராறியோவில் 1994 இல் ஒரு சட்டம் வீட்டுக்குள் இரண்டாவது குடியிருப்பை அனுமதித்தது. 1996 இல் அடுத்த அரசு அந்த உரிமையை மீளப் பெற்றது. பிறகு 2011 இல் வந்த சட்டம்தான் மாநகரசபைகள் அதற்கு இடமளிக்க வேண்டும் என்று மறுபடி சொன்னது. இடையில் அகதியாக வந்தவர்கள் வாடகை கட்டுப்படியான இடத்தில் வாய் திறக்காமல் இருந்தார்கள். இன்று நாம் வீட்டுச் சொந்தக்காரர்களாகிவிட்டோம். அந்தப் பழைய பயத்தை மட்டும் விடாமல், பெர்மிற் எடுக்காமல், தெரிந்த ஆளைக் கொண்டு இரவில் சுவர் அடிக்கிறோம். அன்று நாம் இருந்த அறையையே இன்று வேறொருவருக்குக் கட்டிக் கொடுக்கலாமா?

இனி வேலைக்கு வருவோம். பூச்சு நிறம் தெரிவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலாவது, வெளியேறும் வழி. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் தழுவியிருக்கும் மாதிரிக் கட்டட விதிப்படி, ஒருவர் படுக்கும் ஒவ்வோர் அறையிலும் நேரே வெளியே போகக்கூடிய ஒரு யன்னலோ கதவோ இருக்க வேண்டும். நிலக்கீழ் யன்னல் என்றால் திறந்த வெளி 5 சதுர அடி. அகலம் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, உயரம் 24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. யன்னலின் அடி விளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. இங்கே கணக்கில் பலர் தவறுகிறார்கள். 20 ஐயும் 24 ஐயும் பெருக்கினால் 480 சதுர அங்குலம், அதாவது மூன்றேகால் சதுர அடிக்குச் சற்றுக் கூட. ஆகவே இரண்டு அளவும் குறைந்தபட்சமாக இருந்தால் யன்னல் தேறாது, ஒன்றாவது பெரிதாக இருக்க வேண்டும். யன்னலுக்கு வெளியே வெட்டும் குழி 44 அங்குலத்துக்கு மேல் ஆழமென்றால் அதில் ஏணி பொருத்த வேண்டும். தங்கும் அறையின் கூரை உயரம் 7 அடி. பழைய வீடுகளுக்குச் சில மாநிலங்களில் தனி விதி உண்டு. உங்கள் நகரசபையில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். 2021 செப்ரெம்பர் 1 இரவு, ஐடா சூறாவளியின் எச்சம் நியூயோர்க்கையும் நியூ ஜேர்சியையும் தாக்கியது. நியூயோர்க் சென்ரல் பார்க்கில் ஒரே மணித்தியாலத்தில் 3.15 அங்குல மழை. அந்த நகரில் இறந்த 13 பேரில் 11 பேர் நிலக்கீழ் வீடுகளில் இருந்தவர்கள். குடிபெயர்ந்து வந்தவர்கள், குறைந்த வாடகை தேடி வந்தவர்கள் அவர்களில் பலர். ரொறன்ரோவிலும் 2013 யூலை 8 அன்று விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை பதிவானது. எத்தனையோ வீடுகளின் நிலக்கீழ்த் தளத்தில் கழிவுநீர் மேலெழும்பியது.

எனவே நிலக்கீழ்த் தளத்தை முடிக்க நினைப்பவர் ஒரு முழு மழைக்காலம் அதை வெறுமையாக விட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டடிச் சதுரப் பொலித்தீன் துண்டைக் கொங்கிறீற் தரையில் நான்கு பக்கமும் ஒட்டி, இரண்டொரு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி கோர்த்தால் தரை கசிகிறது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்கள் சுவரோரமாகக் கொட்டுகின்றனவா, வளவு வீட்டை நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று மழைக்குள் குடையோடு போய்ப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பிறகுதான் நீரிறைக்கும் பம்பு, மின்சாரம் போனாலும் அது ஓடுவதற்குப் பற்றறி, கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு. தரைக்குக் கம்பளம் வேண்டாம், ஓடு பதியுங்கள்.

காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்து வாசியுங்கள். சாதாரண வீட்டுக் காப்புறுதி வெள்ளத்துக்குப் பணம் தராது. அமெரிக்க அரசின் வெள்ளக் காப்புறுதித் திட்டமும் நிலக்கீழ்த் தளத்தில் ஃபேர்னஸ், சுடுநீர்த் தாங்கி போன்றவற்றுக்கு இடம் தருமே தவிர, நீங்கள் ஆசையாகப் போட்ட தரைக்கும் தளபாடத்துக்கும் தராது. கழிவுநீர் திரும்புவதற்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும்.

மூன்றாவது, காற்று. மண்ணுக்குள் இருக்கும் யுரேனியம் சிதையும்போது ரேடொன் என்ற வாயு உண்டாகிறது. நிறமில்லை, மணமில்லை. தரை வெடிப்பால் நுழைந்து, காற்றோட்டம் குறைந்த நிலக்கீழ் அறையில் தேங்கும். அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைத்தலுக்கு அடுத்த காரணம் இதுதான். லீற்றருக்கு 4 பிக்கோகியூரி அல்லது அதற்கு மேல் இருந்தால் திருத்த வேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றாடல் நிறுவனத்தின் அளவு. கனடாவில் கனமீட்டருக்கு 200 பெக்கரல். வடமேற்கு நியூ ஜேர்சியில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. பக்கத்து வீட்டில் இல்லை என்பதால் உங்கள் வீட்டில் இல்லை என்று சொல்ல முடியாது. அளக்கும் சிறு பெட்டியைக் கடையில் வாங்கலாம். சுவர் அடிப்பதற்கு முன் அளந்தால், வாயுவை வெளியேற்றும் குழாயை மறைவாகப் போடலாம்.

அடுத்தது கார்பன் மொனொக்சைட். ஃபேர்னஸும் சுடுநீர்த் தாங்கியும் இருக்கும் தளத்தில் ஒருவர் தூங்குகிறார் என்றால், அவருடைய அறைக்கு வெளியே அதற்கான எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வேண்டும். இடம் அழகாகத் தெரிய வேண்டும் என்று ஃபேர்னஸைச் சுற்றி இறுக்கமாகச் சுவர் அடிக்காதீர்கள். அதற்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். தம்பிக்குச் சொன்ன கணக்கு இது. வீட்டை மேம்படுத்தச் செலவிட்ட பணம் வீட்டின் கொள்விலையோடு சேரும். நாளை விற்கும்போது இலாபம் அவ்வளவு குறையும். சொந்தமாகக் குடியிருந்த வீட்டை விற்கும் இலாபத்தில் தனி ஆளுக்கு 250,000 டொலர், இருவராகச் சேர்ந்து வரி தாக்கல் செய்யும் தம்பதிக்கு 500,000 டொலர் வரை, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வரி இல்லை. வீட்டு விலை ஏறியிருக்கும் இந்தக் காலத்தில் அந்த எல்லையைத் தாண்டுவது கடினமல்ல. ஆகவே ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள். கையில் காசு வாங்கிச் சீட்டுத் தராமல் போனவரின் வேலைக்கு வரிக் கணக்கில் இடமில்லை.

வாடகைக்கு விட்டால் வருமானத்தைக் காட்ட வேண்டும். அதற்கெதிராகச் செலவும் பெறுமானத் தேய்வும் எடுக்கலாம். குடியிருப்புக்கு 27.5 வருடம். வாடகைப் பகுதிக்கு 55,000 டொலர் செலவிட்டால் முழு வருடத்துக்கு 2,000 டொலர் தேய்வு. ஆனால் அந்தத் தேய்வுக்கு வீட்டை விற்கும்போது 25 சதவீதம் வரை வரி வரும். தனி வாசல், தனிக் குசினி வைத்துத் தனிக் குடியிருப்பாக்கினால், மேலே சொன்ன விலக்கும் அந்தப் பகுதிக்கு வேறு விதமாகவே கணக்கிடப்படும். சொந்தக்காரரிடம் சந்தை வாடகைக்குக் குறைத்து வாங்கினால் வரிச் சட்டம் அதை உங்கள் சொந்தப் பாவனை என்றே கொள்ளும். அங்கே நட்டம் காட்ட முடியாது. இன்னொன்று, அமெரிக்க வீட்டு மதிப்பீட்டில் நிலத்துக்குக் கீழுள்ள பரப்பை மேலுள்ள பரப்போடு கூட்டுவதில்லை, தனியாகவே காட்டுவார்கள். போட்ட காசு முழுவதும் திரும்பி வரும் என்று நம்பிக் கடன் எடுக்காதீர்கள்.

பெர்மிற் பற்றி ஒரு வார்த்தை. பரிசோதகர் வீட்டுக்குள் வருவது நமக்குப் பிடிக்காது. ஊரில் சீருடையோடு வீட்டுக்குள் வந்தவர்களை நாம் மறக்கவில்லை. ஆனால் இந்த மனிதர் பார்ப்பது உங்கள் வயரிணைப்பையும் யன்னல் அளவையும்தான். சிறு கட்டணத்துக்கு இன்னொரு சோடிக் கண் கிடைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காப்பெல் நேயர்களுக்குக் கீழே அறை இல்லையே, என்ன செய்வது? இங்கு பலர் கராஜை அறையாக்கப் பார்க்கிறார்கள். முதலில் நகரசபையையும் உங்கள் வீட்டுச் சொந்தக்காரர் சங்கத்தையும் கேளுங்கள், கார் நிறுத்தும் இடத்தை மூடுவதற்கு விதிகள் உண்டு. கராஜ் தரை பெரும்பாலும் வெளிவாசலை நோக்கிச் சரிந்திருக்கும், வீட்டுத் தரையிலும் தாழ்ந்திருக்கும். குளியலறைக் குழாய்க்காகத் தளத்தை வெட்டுவதாக இருந்தால் உள்ளே வடம் எங்கே ஓடுகிறது என்று கருவி வைத்துப் பார்க்காமல் வெட்ட விடாதீர்கள். இறுக்கிய வடம் அறுந்தால் ஆளுக்கும் வீட்டுக்கும் ஆபத்து. காரும் அந்த அறையும் ஒரு சுவரைப் பகிர்ந்தால் அங்கும் கார்பன் மொனொக்சைட் கருவி வேண்டும். 2021 பெப்ரவரி உறைபனியில் ரெக்சாஸில் மின்சாரம் போனபோது, கராஜில் காரை ஓடவிட்டும் வீட்டுக்குள் கரி மூட்டியும் குளிர் காய்ந்த குடும்பங்களில் உயிர்கள் போயின.

சுழல்காற்று வந்தால் எங்கே ஒளிவது என்பது இன்னொரு கேள்வி. 2015 டிசம்பர் 26 அன்று டலஸுக்குக் கிழக்கே கார்லண்ட், ரௌலெற் பகுதியைத் தாக்கிய சுழல்காற்றை மறந்திருக்க மாட்டீர்கள். கராஜ் ஒளியும் இடமல்ல, அதன் பெரிய கதவுதான் முதலில் பறக்கும். கீழ்த்தளத்தில், வீட்டின் நடுவில், யன்னலில்லாத சிற்றறையே நல்லது. எங்கள் வீட்டில் அது படிக்கட்டின் கீழுள்ள அறை. சுற்றிவர உடுப்புத் தொங்குவதால் எதிரொலி இல்லை, இந்த உரைகளை நான் பதிவுசெய்வதும் அங்கேதான். சைரன் ஒலித்தால் எல்லோரும் ஒளிவதும் அங்கேதான். தண்ணீர்ப் போத்தல், ரோச் லைற், சப்பாத்து, கடவுச்சீட்டுப் பை எப்போதும் உள்ளே இருக்கும்.

கடைசியாகத் தம்பியின் கதை. எல்லாக் கணக்கையும் சொன்ன பிறகு, "அம்மா என்ன சொன்னவ?" என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவவைக் கேக்கேல்லை அண்ணா. அவவுக்காகத்தானே செய்யிறன்" என்றான். தொலைபேசியை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். அம்மா மெதுவாகத்தான் சொன்னா: "தம்பி, அவன் ஆசையாச் செய்யிறான், நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா நான் திரும்பவும் கிடங்குக்குள்ள படுக்கமாட்டன். விடியிறது தெரியவேணும்."

தம்பி வீட்டில் மேல் தளத்தில் ஒரு சாப்பாட்டு அறை இருந்தது. வருடத்தில் நாலு நாள் விருந்தினருக்கு மட்டும் திறக்கும் அறை. இப்போது அது அம்மாவின் அறை. கிழக்குப் பார்த்த யன்னல். இரவில் குளியலறைக்குப் போகப் படி ஏற வேண்டியதில்லை. நிலக்கீழ்த் தளம் இந்த மழைக்காலம் முழுவதும் வெறுமையாகக் கிடக்கிறது. ஒரு மூலையில் பொலித்தீன் துண்டு, இன்னொரு மூலையில் ரேடொன் பெட்டி. தண்ணீர் வராவிட்டால் அது பிள்ளைகள் படிக்கும் இடமாகவும் தம்பியின் அலுவலக மேசையாகவும் ஆகும். இரவில் யாரும் அங்கே படுக்கமாட்டார்கள். வாடகை யோசனையைப் பெரிய யன்னல் வெட்டும் வரை தள்ளி வைத்திருக்கிறான்.

ஆகவே நேயர்களே, கட்டுநரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். இந்த அறையில் யார் இருக்கப் போகிறார், அவரைக் கேட்டீர்களா என்று முதல் வரியில் எழுதுங்கள். அவர் எந்த இரண்டு வழியால் வெளியே வருவார் என்று இரண்டாவது வரியில் எழுதுங்கள். இரண்டு வரியும் நிரம்பிய பிறகு நிறத்தைத் தெரிவுசெய்யலாம்.

உங்கள் கேள்விகளை வழமைபோல நிலையத்துக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.